குசினிப் புகைக்குழாயைத் துப்புரவு செய்வது யார்?

2021ஆம் ஆண்டின் இறுதியில் எரிவாயு சிலிண்டர்கள் வெடித்த செய்திகள் வந்தன. 2022இல் வெற்றுச் சிலிண்டர்களோடு வீதியோரங்களில் வரிசைகள் நீண்டன. இவை இரண்டும் எமது வீடுகளில் ஒரு மாற்றத்தை விட்டுச் சென்றிருக்கின்றன. மூலையில் ஒதுங்கிக் கிடந்த விறகடுப்பு திரும்பவும் குசினிக்குள் வந்தது. பின்னர் கேஸ் தாராளமாகக் கிடைத்தபோதும், விலையை நினைத்துப் பல வீடுகள் சோற்றுக்கும் சுடுநீருக்கும் விறகையே வைத்துக்கொண்டன. அவ்வாறு வைத்துக்கொண்டவர்களில் வசதியுள்ளோர் அடுப்புக்கு மேலே தகரத்தில் ஒரு கூடு அடித்து, அதிலிருந்து கூரைக்கு வெளியே ஓர் உலோகக் குழாயை ஏற்றினார்கள். பழைய செங்கல் புகைபோக்கி இருந்த வீடுகளில் சிலர் அதற்குள்ளேயே ஓர் உலோகக் குழாயை இறக்கினார்கள். இரண்டும் நல்ல வேலைதான்.

ஆனால் குழாயைப் பொருத்திய தகர வேலைக்காரர் கூலியை வாங்கிக்கொண்டு போன பிறகு, அதற்குள் என்ன நடக்கிறது என்று பெரும்பாலான வீடுகளில் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. வகுப்பில் மேற்காவுகை பற்றிப் படிப்பிக்கும்போது, வீட்டுப் புகைக்குழாயைக் கடைசியாக எப்போது துப்புரவு செய்தார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்பது எனது வழக்கம். கிடைக்கும் பதில் அநேகமாகச் சிரிப்புத்தான். அதையும் துப்புரவு செய்வார்களா சேர் என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு.

புகை மேலே போவதற்குக் காரணம் எளிமையானது. சூடான வாயுவின் அடர்த்தி குறைவு. குழாய்க்குள் இருக்கும் சூடான வாயு எழும்பும்போது கீழேயுள்ள காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. குழாய் எவ்வளவு நேராகவும் உயரமாகவும் சூடாகவும் இருக்கிறதோ, இழுவையும் அவ்வளவு நன்றாக இருக்கும். குழாய் குளிர்ந்தால் இழுவை தளரும். கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிதான் முதலில் குளிர்வது. மழைநாளில் புகை குசினிக்குள் திரும்பி வருவதற்குக் காற்றின் திசை மாத்திரம் காரணமல்ல.

விறகு முழுமையாக எரிந்தால் வெளியேறுவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டும் நீராவியும்தான். எமது அடுப்புகளில் விறகு அப்படி எரிவதில்லை. பாதி ஈரமான பொச்சு மட்டையும், நேற்று வெட்டிய கிளிரிசிடியாக் கம்பும், பெரிய சட்டியின் அடியில் காற்றின்றிக் கனியும் கட்டையும் எரிந்த பாதியும் எரியாத பாதியுமாகப் புகையை அனுப்புகின்றன. அந்தப் புகையில் கரித்துகளோடு தார் போன்ற ஆவிகளும் நிறைய நீராவியும் இருக்கும். குழாயின் மேற்பகுதியில் வெப்பநிலை ஏறத்தாழ 120 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது இவை சுவரில் படியத் தொடங்குகின்றன. அந்தப் படிவுக்கு கிரியோசோட் என்று பெயர். முதலில் அது விரலால் தட்டினால் உதிரும் கரியாக இருக்கும். கவனியாது விட்டால் சொரசொரப்பான கரும் பொருக்காக மாறும். அதற்கும் பிறகு, கறுப்பு வர்ணம் பூசியதைப் போல மினுங்கும் கெட்டியான தாராகிவிடும். முதல் இரண்டையும் தூரிகையால் எடுக்கலாம். மூன்றாவதை எடுப்பது மிகக் கடினம். சாதாரண தகரக் குழாயில் அது பிடித்துவிட்டால் குழாயை மாற்றுவதே மலிவு.

இந்தப் படிவு வெறும் அழுக்கு அல்ல, எரிபொருள். வலீமாவுக்கு ஆக்குவதைப் போல ஒருநாள் பெரிய நெருப்பு மூட்டினால், அல்லது காய்ந்த தென்னோலையை ஒரேயடியாக அடுப்புக்குள் திணித்தால், சுடர் குழாய்க்குள் ஏறிப் படிவில் பற்றிக்கொள்ளலாம். அவ்வாறு பற்றும் நெருப்பு 1000 பாகை செல்சியஸையும் தாண்டக்கூடியது. நாகம் பூசிய தகரத்தில் அந்த நாகப்பூச்சு உருகுவது ஏறத்தாழ 420 பாகையில். அலுமினியம் உருகுவது 660 பாகையில். பாத்திர வேலைக்கு வாங்கிய அலுமினியத் தகடு மிச்சமிருக்கிறது என்பதற்காக அதில் புகைக்குழாய் சுருட்டுவது எவ்வளவு ஆபத்து என்பது இப்போது விளங்கும். பிவிசி குழாயைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, ஆயினும் அதைப் பொருத்தியிருக்கும் வீடுகளும் இருப்பதால் சொல்லிவைக்கிறேன்: உடனே கழற்றுங்கள்.

வசதியிருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயே நல்லது. அதிலும் 304, 316 என்ற இரகங்கள் சிறந்தவை. கரையோரத்தில் வாழ்பவர்களுக்கு 316 மேலும் பொருத்தம், ஏனெனில் அது உப்பை நன்கு தாங்கும். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுபோங்கள். இந்த இரண்டு இரகங்களிலும் காந்தம் ஒட்டாது, அல்லது மிக மெலிதாகவே ஒட்டும். இறுகப் பிடித்தால் அது துருவைத் தாங்கும் திறன் குறைந்த வேறு இரகம், அல்லது சாதாரண இரும்பு. எந்த உலோகமானாலும் அதைத் தின்பது உப்பும் அமிலமும்தான். கடலில் ஒதுங்கிய மரத்தை எரித்தால் புகையோடு உப்பும் சேர்ந்து போகும். ஷொப்பிங் பேக்கையும் பழைய வயர் உறைகளையும் அடுப்பில் போடுவோர் உண்டு. பிவிசி கலந்தவை எரியும்போது ஐதரசன் குளோரைட்டு வாயு வெளியேறும், அது ஈரத்தோடு சேர்ந்தால் ஐதரோகுளோரிக் அமிலமாகும். பாத்திரத்தில் கொதிக்கும் சோற்றுக்கும் அருகில் நிற்கும் பெண்ணின் சுவாசத்துக்கும் அது நல்லதா என்று வேறாகக் கேட்க வேண்டியதில்லை.

இனி உங்கள் குசினிக்குள் போய்க் குழாயின் மூட்டுகளைப் பாருங்கள். மூட்டுக்குக் கீழே வெளிப்புறமாகக் கபில நிறத்தில் ஏதாவது வழிந்திருக்கிறதா? அப்படியானால் குழாய் தலைகீழாக மூட்டப்பட்டிருக்கிறது. மேலேயுள்ள துண்டின் கீழ் நுனி, கீழேயுள்ள துண்டுக்கு உள்ளே இறங்க வேண்டும். அப்போதுதான் சுவரில் வழியும் தார்நீர் உள்ளேயே இறங்கி அடுப்பில் விழுந்து எரியும். புகை வெளியே கசிந்துவிடும் என்று பயந்து பலர் மேல் துண்டை வெளிப்புறமாகப் போடுகிறார்கள். இழுவை சரியாக இருந்தால் மூட்டு வெளிக்காற்றை உள்ளே இழுக்குமே தவிரப் புகையை வெளியே விடாது. அடுத்து, குழாய் கூரையைத் தாண்டும் இடம். ஒற்றைத் தகரக் குழாய்க்கும் கைமரத்துக்கும் இடையில் ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். இது எமது வீடுகளில் அநேகமாகக் கிடையாது. குறைந்தபட்சம் அந்த இடத்தில் இரட்டைச் சுவர்க் குழாயாவது இருக்க வேண்டும். கிடுகுக் கூரையென்றால் இதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

துப்புரவு செய்ய வேண்டிய நேரத்தைக் கலண்டரைவிடப் படிவின் தடிப்பே சொல்லும். 3 மில்லிமீற்றர் தடிப்புக்குப் படிவு சேர்ந்துவிட்டால் தள்ளிப்போடக் கூடாது. தினமும் விறகில் ஆக்கும் வீடுகளில் மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது. அடியிலிருந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சரித்துப் பிடித்தால் பகலில் உள்ளே வானம் தெரியும். தெரிகின்ற வட்டம் சுருங்கியிருந்தால் காரணம் விளங்கிவிடும். இரவில் டோர்ச்சை உள்ளே வைத்து வெளியிலிருந்து பார்த்தால் துருப்பிடித்த ஊசித் துளைகள் ஒவ்வொன்றும் வெளிச்சமாகத் தெரியும்.

ஷஃபான் மாதத்தில் வீட்டைக் கழுவி, சுவருக்கு வெள்ளையடித்து, பாய்களை வெயிலில் போடும் வழக்கம் எம்மிடம் இருக்கிறது. நோன்பு காலத்தில் அஸர் தொடக்கம் மஃரிப் வரையும் பின்னர் ஸஹருக்கும் அடுப்பு ஓயாது. குழாயைத் துப்புரவாக்க அதைவிடப் பொருத்தமான தவணை எது? மற்றொரு தவணை உங்கள் பிரதேசத்தின் மழைக்காலத்துக்கு முன்னர். கிழக்கில் அது ஆண்டின் இறுதி, மேற்கிலும் மலையகத்திலும் மே மாதம். கரியோடு மழைநீர் சேர்ந்தால் அது அமிலமாகி, குழாயை உள்ளிருந்து அரிக்கும். அதே காரணத்துக்காகத்தான் குழாயைப் பொருத்தியபடியே தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது என்கிறேன். கழற்றிக் கழுவினால் நன்கு காயவிட்டுப் பொருத்துங்கள்.

வேலை கடினமானதல்ல. முதல்நாள் இரவே அடுப்பை அணைத்து, தணல் எதுவும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். அடுப்பு வாயை ஈரச்சாக்கால் மூடி, குசினியிலுள்ள பாத்திரங்களை வெளியேற்றுங்கள். குழாயின் விட்டத்துக்குச் சமமான நைலோன் தூரிகையை நீளும் கம்பில் பொருத்தி அடியிலிருந்து மேலே தள்ளி இழுக்கலாம். தூரிகை கிடைக்காவிட்டால் தும்பைச் சாக்குக்குள் இறுக்கித் திணித்து, நடுவில் கயிறு கட்டி, கீழே ஒரு பாரம் தொங்கவிட்டு மேலிருந்து ஏற்றி இறக்குவதும் போதும். கம்பித் தூரிகை வேண்டாம். தகரத்தில் அது நாகப்பூச்சைச் சுரண்டிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இரும்புத் துகள்களை விட்டுச்செல்லும், அந்த இடத்திலிருந்தே துரு தொடங்கும். குழாயின் உச்சியிலுள்ள மழைமூடியையும் அதன் வலையையும் மறக்க வேண்டாம், முதலில் அடைபடுவது அந்த வலைதான். குருவிக்கூடும் அங்கேதான் இருக்கும். இறக்கிய கரியை மூடியுள்ள தகர வாளியில் போடுங்கள், பிளாஸ்டிக் வாளியில் அல்ல. சாம்பலுக்குள் தணல் ஒருநாளுக்கு மேலும் உயிரோடிருக்கும்.

ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். எமது பல வீடுகளின் கூரை அஸ்பெஸ்டஸ் சீட். அதன்மேல் கால் வைத்தால் உடைந்து கீழே விழும் ஆபத்து உண்டு. அதை வெட்டும்போதும் துளையிடும்போதும் எழும் தூசு சுவாசப்பையில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. எனவே அப்படியான கூரையுள்ள வீட்டில் அடியிலிருந்தே துப்புரவு செய்யுங்கள். மேல்மூடிக்கு வெளிச்சுவரில் ஏணி சாத்தித்தான் போக வேண்டும். சில பழைய வீடுகளில் புகைக்குழாயே அஸ்பெஸ்டஸ் சிமெந்தால் ஆனது. அதற்குள் தூரிகையைப் போடவே கூடாது.

மெலிந்த உடம்பு, இலகுவாக ஏறுவான் என்று பிள்ளைகளை ஏற்றிவிடுவதும் நடக்கிறது. இங்கிலாந்தில் ஒருகாலத்தில் சிறுவர்களைப் புகைபோக்கிகளுக்குள்ளேயே இறக்கிக் கரி சுரண்ட வைத்தார்கள். அவர்கள் வளர்ந்த பின்னர் ஒருவகைப் புற்றுநோய் அவர்களைத் தாக்குவதை 1775இல் லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் பேர்சிவல் பொட் எழுதி வைத்தார். ஒரு தொழிலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் காட்டிய பதிவுகளில் அது ஒன்று. அந்தக் கொடுமையை முடிவுக்குக் கொண்டுவந்த சட்டம் 1875இல்தான் வந்தது, சரியாக நூறு ஆண்டுகள் கழித்து. முகமூடி, நீளக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் பெரியவர்களும் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020இல் மாத்திரம் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. அடைபட்ட குழாய் இருக்கும் குசினிக்கும் குழாயே இல்லாத குசினிக்கும் இதில் பெரிய வித்தியாசமில்லை. நுவரெலியா, ஹப்புத்தளை போன்ற குளிர்ப் பிரதேசங்களில் யன்னலையும் பூட்டிவிடுவதால் மற்றுமொரு ஆபத்து சேர்கிறது. புகையில்லாமல் கனியும் தணலிலிருந்து நிறமோ மணமோ இல்லாத காபனோரொட்சைட்டு வாயு வெளியேறும். சமைக்கும்போது தலைவலி, தலைசுற்று, குமட்டல் வந்து, வெளியே போனதும் அது குறைந்தால் அதைப் பித்தம் என்று விட்டுவிடாமல் குழாயைப் பாருங்கள்.

எமது வீடுகளில் அடுப்படி பெண்களின் பொறுப்பு, கூரை ஆண்களின் பொறுப்பு. புகைக்குழாய் இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் எவருக்கும் சொந்தமில்லாமல் போய்விட்டது. புகை திரும்பி வருகிறது என்று உம்மா சொன்னால், விறகு ஈரம் என்று வாப்பா சொல்வார். இருவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மைதான். விறகைப் பிளந்து, மழை படாத இடத்தில் காற்றோட்டமாக அடுக்கி, சில மாதங்கள் காயவிட்டால் குழாயில் சேரும் படிவு வெகுவாகக் குறையும். ஆனால் விறகு பிளப்பதையும் குழாய் பார்ப்பதையும் புகையைச் சுவாசிப்பவரின் தலையிலேயே சுமத்துவது நியாயமாகாது. ஏணியில் ஏறக்கூடிய ஆண் எவரோ, அவருடைய வேலை இது.

குழாய்க்குள் நெருப்புப் பற்றினால் லொறி ஓடுவதைப் போன்ற இரைச்சல் கேட்கும். குழாய் சிவக்கலாம், உச்சியிலிருந்து பொறி பறக்கலாம். எல்லோரையும் வெளியேற்றுங்கள். அடுப்பிலுள்ள நெருப்பின்மேல் மணலைக் கொட்டி, முடிந்தால் அடுப்பு வாயை அடைத்துக் காற்றை நிறுத்துங்கள். சூடேறிய குழாய்க்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சீறிவரும் நீராவி ஆளைச் சுட்டுவிடும். தண்ணீரைச் சுற்றியுள்ள கூரைக்கும் மரங்களுக்கும் தெளியுங்கள். தீயணைப்புக்கு 110, அம்பியூலன்சுக்கு 1990. நெருப்புத் தானாக அடங்கினாலும் அந்தக் குழாயைப் பரிசோதிக்காமல் மறுநாள் அடுப்பு மூட்டக் கூடாது.

புதிதாக வீடு கட்டுவோர் மேசனிடமும் தகர வேலைக்காரரிடமும் இரண்டு விடயங்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். குழாயில் செங்குத்தான மடிப்பு இருக்கக் கூடாது, வளைக்கத்தான் வேண்டுமென்றால் 45 பாகை மடிப்பு போதும். அடுத்து, குழாயின் அடியில் திறந்து மூடக்கூடிய ஒரு சிறு கதவு. கட்டும்போது வைத்தால் அதற்குப் பெரிய செலவில்லை. கட்டி முடிந்த பின் வைப்பதென்றால் சுவரை உடைக்க வேண்டும்.