அறிவது வேறு, அறிவிப்பது வேறு

கடப்பாக்கத்தின் கடலோரத்தில், கழிமுகத்தை ஒட்டி, ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. முகலாயர் காலத்தில் எழுந்து, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட கோட்டை அது. மதரஸா மாணவர்களை ஒரு நாள் மாலை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். அஸர் தொழுகைக்கு நேரமாயிற்று. மாணவன் ஒருவன் கைப்பேசியை எடுத்துக் கிப்லாத் திசையைப் பார்த்தான். அது காட்டிய திசையோ கிழக்கே, கடலை நோக்கி இருந்தது! சூரியன் மேற்கே சாய்ந்துகொண்டிருக்க, கருவி கிழக்கைக் காட்டியதைக் கண்டு பிள்ளைகள் சிரித்துவிட்டனர். பிறகுதான் காரணம் புரிந்தது. கைப்பேசி உறையின் மூடியில் காந்தம் இருந்தது.

அருகில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "திசை தப்பினாலும் இடம் தப்பாது பாய். டவர் இல்லாத நடுக்கடலிலும் நாம் இருக்கும் இடத்தை இது காட்டுகிறது. இனி எங்கள் பிள்ளைகளுக்கு என்ன பயம்?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. மறுபாதியோ உயிருக்கே உலை வைக்கக்கூடிய தவறான நம்பிக்கை. அன்பு வாசகர்கள் இவ்விரண்டையும் பிரித்தறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

தரையிலும் கடலிலும் நட்சத்திரங்களைக் கொண்டு மனிதன் வழி அறிவதைத் திருக்குர்ஆன் இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக நினைவூட்டுகிறது. அரபு மாலுமிகள் 'கமால்' என்னும் சிறு பலகையையும் முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து கடல் கடந்தனர். இன்று அவ்விடத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் அவை, தம்முடைய இருப்பிடத்தையும் நேரத்தையும் இடைவிடாது அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த ஒலிபரப்பு நம்மை வந்தடைய எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் கொண்டு கைப்பேசி தூரத்தைக் கணக்கிடுகிறது. இடத்தை அறிய மூன்று கோள்கள். கைப்பேசிக் கடிகாரத்தின் பிழையைத் திருத்த நான்காவது ஒன்று. ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீட்டர் பிழைபடும்! பொதுமக்களுக்கான ஒலிபரப்பில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கிய பின்னரே இக்கருவி சாமானியருக்கு நன்கு பயன்படலாயிற்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கோள்கள் பேசுகின்றன, கைப்பேசி கேட்கிறது. அவ்வளவே. கைப்பேசி அவற்றுக்கு மறுமொழி சொல்வதில்லை. நாம் எங்கே இருக்கிறோம் என்பது அவற்றுக்குத் தெரியவே தெரியாது. வானொலிப் பெட்டி பாடுவதால் வானொலி நிலையத்தாருக்கு நம் வீடு தெரிந்துவிடுமா?

ஆகவே ஒரே கைப்பேசிக்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன. இடத்தைச் சொல்வது செயற்கைக்கோள். அதற்கு டவர் தேவையில்லை, திறந்த வானம் போதும். திசையைச் சொல்வது உள்ளிருக்கும் காந்த உணர்வி. அருகில் இரும்போ காந்தமோ இருந்தால் அது ஏமாறும். வரைபடம் வருவது இணையத்திலிருந்து. முன்கூட்டியே பதிவிறக்கி வைக்காவிட்டால் நடுக்கடலில் வெற்றுத்திரைதான். நம் இடத்தைப் பிறருக்கு அறிவிப்பதோ பெரும்பாலான கைப்பேசிகளில் டவர் வழியாகவே. கரையை விட்டு வெகுதூரம் போனால் அது அற்றுப்போகும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கரையோரத்தைத் தாக்கியபோது, பல நாள் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்குச் சென்றிருந்தோரை எச்சரிக்கை எட்டவில்லை. எத்தனையோ குடும்பங்கள் தம் ஆண்மக்களை இழந்தன. அதன்பின் 2019இல் மத்திய அரசு 'ஜெமினி' என்னும் கருவியை அறிமுகப்படுத்தியது. கரை எட்டாத தொலைவிலும் புயல், அலைச் செய்திகளை அது செயற்கைக்கோள் வழியாகப் பெற்றுக் கைப்பேசிக்குத் தரும். அதுவும் கேட்கும் கருவியே, பேசும் கருவியன்று. ஆபத்தில் குரல் கொடுக்க, இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி தனியே வேண்டும். அருகிலுள்ள படகுகளை அழைக்க வி.எச்.எஃப். வயர்லெஸ் வேண்டும்.

இன்னொரு பிழையும் உண்டு. ஆலம்பரை ஏறத்தாழ வட அட்சரேகை 12 டிகிரி 16 நிமிடத்தில் உள்ளது. இதையே 12.16 டிகிரி என்று ஒருவர் சொல்லிவிட்டால், அது 12 டிகிரி 10 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவான வேறோர் இடம். வித்தியாசம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர்! தேடி வருவோர் வெறுங்கடலைத்தான் காண்பர். டிகிரி, நிமிடம், புள்ளி ஆகியவற்றைக் கரையிலேயே வாசித்துப் பழக வேண்டும்.

வீட்டில் இருப்போருக்கும் இதில் கடமையுண்டு. படகின் பதிவெண், உடன் சென்றோர் பெயர்கள், சென்ற திசை, திரும்பும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். நேரம் கடந்தால் கடலோரக் காவல்படையின் 1554 என்னும் எண்ணை அழையுங்கள். ஹஜ்ஜுக்குச் செல்வோரும் மினாவில் ஒன்றுபோலத் தோன்றும் கூடாரங்களிடையே வழி தவறாதிருக்க, போய்ச் சேர்ந்தவுடன் தம் கூடாரத்தின் இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொள்வதோடு, கூடார எண்ணைத் தாளிலும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. பேட்டரி தீர்ந்தாலும் தாள் பேசும்.

அன்று மாணவனிடம் உறையைக் கழற்றச் சொன்னேன். முள் சுழன்று, மேற்கிலிருந்து சுமார் 19 டிகிரி வடக்கே சாய்ந்து நின்றது. நம் பகுதியிலிருந்து கஃபாவின் திசை அதுவே. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கஸ்னா நகரின் கிப்லாவைத் துல்லியமாக அறிவதற்காகவே அறிஞர் அல்பீரூனி ஊர்களின் இருப்பிடங்களைக் கணித்து ஒரு நூலே எழுதினார். அவ்வளவு உழைப்பு இன்று ஒரு பொத்தானில் அடங்கிவிட்டது. ஆனால் கருவி கிழக்கைக் காட்டியபோது பிள்ளைகள் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பை நான் மெச்சினேன். சூரியன் எங்கே சாய்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

மீனவப் பெரியவரிடம் விடைபெறும்போது சொன்னேன்: "ஐயா, உங்கள் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பது இந்தக் கருவியால் அவர்களுக்குத் தெரியும். அது உங்களுக்கும் தெரிய வழி செய்துவிட்டுக் கடலுக்கு அனுப்புங்கள்."

அவர் வலையை மடியில் வைத்தபடி, 1554 என்னும் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து தருமாறு என் மாணவனிடம் நீட்டினார்.