பந்தியும் பாடமும்

கலாசாலைகளில் சேரும் மாணவருக்கும், அவர்களுக்குப் போதிக்கும் ஆசிரியருக்கும், ஜாதி, மதம், பாஷை, ஆண் பெண் என்னும் வித்தியாசங்களைப் பாராட்டாமல் ஒருவரோடொருவர் பழகுவதற்குத் தனியே பயிற்சி அளிக்கவேண்டும் என்ற யோசனை இப்போது நாடெங்கும் பலமாக அடிபடுகிறது. நமது ராஜ்யத்தில் நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் நியமிக்கப்பட்ட ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி ஸ்ரீ கே. சந்துரு, 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் சர்க்காரிடம் சமர்ப்பித்த அறிக்கையிலும் இதற்கு இடம் அளிக்கப்பட்டிருக்கிறது. யோசனை நல்லதே. நாம் அதை ஆதரிக்கிறோம். ஆனால் பயிற்சி என்ற பெயரால் நடக்கப்போவது எது என்பதை இப்பொழுதே கேட்டுவிடுவது நலம். ஒரு மண்டபத்தில் மாணவரைக் கூட்டி, ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவதுதான் பயிற்சி என்றால், அதனால் பிரசங்கிக்குப் பிரயாணச் செலவு கிடைக்கும். வேறு லாபம் எவருக்கும் இராது.

இந்த யோசனையே அன்னியச் சரக்கு என்று சொல்லும் தேசபக்தர்கள் சிலர் இருக்கிறார்கள். இது அமெரிக்க நாகரிகம். அங்கேயே 2025-ம் வருஷம் ஜனவரி 20-ந் தேதி, ஜனாதிபதி டிரம்ப் பதவியேற்ற அன்றே, மத்திய சர்க்கார் இலாகாக்களில் இத்தகைய ஏற்பாடுகளை ஒழிக்க உத்தரவிட்டுவிட்டார். அவர்கள் எறிந்ததை நாம் ஏன் பொறுக்கவேண்டும் என்பது அவர்களுடைய வாதம். அமெரிக்கர் தங்கள் நிற வித்தியாசத்தை எவ்வாறு தீர்த்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் பாடு. நமது வியாதியின் சரித்திரத்தை அறிய நாம் நியூயார்க் போகவேண்டியதில்லை. சென்னையிலிருந்து காஞ்சீபுரம் செல்லும் சாலையில் போனால் போதும்.

அந்தச் சாலையிலுள்ள பூந்தமல்லி, திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். அப்பால் உள்ள ஸ்ரீபெரும்பூதூர், ராமானுஜர் பிறந்த ஊர். நம்பிகள் பிராமணரல்லர். அவரை ராமானுஜர் காஞ்சீபுரத்திலிருந்த தமது கிருஹத்துக்குப் போஜனத்துக்கு அழைத்ததையும், ராமானுஜர் வெளியே சென்றிருந்த சமயத்தில் நம்பிகள் வந்து உண்டு சென்றதையும், அவர் சென்றபின் ராமானுஜருடைய பத்தினியார் இலையை அப்புறப்படுத்தி, இடத்தைச் சுத்தி செய்து, தலை முழுகியதையும், அதை அறிந்து ராமானுஜர் மனம் புழுங்கியதையும் குருபரம்பரைக் கதைகள் சொல்லுகின்றன. கதையில் எவ்வளவு சரித்திரம் என்ற விசாரணை இங்கு வேண்டாம். அவ்வம்மையாருக்கு உபதேசத்தில் குறைவா? வீட்டிலேயே ராமானுஜர் இருந்தார்! நமது முன்னோர்கள் சமத்துவத்தைச் சோதித்துப் பார்த்த இடம் பிரசங்க மேடையன்று. இலை போட்ட இடம்.

தேசீய இயக்கமும் அதே இடத்தில்தான் இடறிற்று. வ. வே. ஸு. ஐயர் 1922-ம் வருஷத்தில் ஆரம்பித்துச் சேரன்மாதேவியில் நடத்திய தமிழ்க் குருகுலத்தின் நோக்கம் என்ன? தேசத்துக்கு உழைக்கும் வாலிபர்களைத் தயாரிப்பது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி அதற்குப் பத்தாயிரம் ரூபாய் உதவ ஒப்புக்கொண்டு ஐயாயிரம் கொடுத்தது. ஐயரைப் போன்ற ஒரு தியாகியின் சகவாசமே பிள்ளைகளுக்குப் பெரிய பயிற்சி. இவ்வளவு இருந்தும், பெற்றோரின் வேண்டுகோளுக்கிணங்கி இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக அன்னமிடப்பட்டது. ஐயர் ஜாதி பாராட்டுகிறவரல்லர். கொடுத்த வாக்கை மீறலாகாது என்று எண்ணினார். அவ்விருவர் மட்டும் அப்படியே இருக்கட்டும், இனி வருகிறவர்கள் யாவரும் ஒரே பந்தியில் உண்ணவேண்டும் என்று காந்தியடிகள் சமரசம் சொல்லிப் பார்த்தார். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. ரா.வும் அதனால் திருப்தியடையவில்லை. 1925-ம் வருஷம் ஏப்ரலில், பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டுவதைத் தேசீய ஸ்தாபனங்கள் விட்டொழிக்கவேண்டும் என்று கமிட்டி தீர்மானித்தது. அதன்மேல் சில பிரமுகர்கள் கமிட்டியை விட்டு விலகினார்கள். ஐயர் குருகுலப் பொறுப்பைத் துறந்தார். ஜூன் மாதத்தில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர் நீத்தார். நவம்பரில், நாம் மேலே சொன்ன அதே காஞ்சீபுரத்தில் கூடிய மகாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் அனுமதிக்கப்படாததால், பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். இரண்டே இலைகள்! அவற்றைத் தனியே போட்டதன் விலையைத் தமிழ்நாட்டு ராஜீயம் எத்தனை காலம் செலுத்திற்று என்பது நேயர்கள் அறியாததன்று.

இதை நூறு வருஷத்துக்கு முந்திய கதையென்று தள்ளிவிடலாமா? டில்லியிலுள்ள அகில இந்திய வைத்திய விஞ்ஞான ஸ்தாபனத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் விடுதியின் சில மாடிகளில் ஒதுங்கி வாழ நேர்ந்ததைப் பேராசிரியர் தோரட் கமிட்டி 2007-ம் வருஷத்தில் எடுத்துக் காட்டிற்று. சென்னை ஐ.ஐ.டி.யில் 2018-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், ஒரு போஜனசாலையில் மரக்கறி உண்போருக்கு வேறு வாசல், கை கழுவ வேறு இடம் என்று அறிவிப்புகள் தொங்கின. ஆட்சேபம் கிளம்பியதும் அவை அகற்றப்பட்டன; கான்டிராக்டர் செய்த காரியம் என்று நிர்வாகத்தார் சொன்னார்கள். கை கழுவுமிடத்தைப் பிரித்தவர் கான்டிராக்டராயின், நிர்வாகம் கை கழுவிவிடலாம் போலும்!

சட்டம் இல்லாமலில்லை. யூனிவர்ஸிடி கிராண்ட்ஸ் கமிஷன் 2012-ம் வருஷத்தில் செய்த விதிகள், ஒவ்வொரு கலாசாலையிலும் சம வாய்ப்புப் பிரிவு ஒன்றும், பாரபட்சத்தைத் தடுக்கத் தனி அதிகாரி ஒருவரும் இருக்கவேண்டும் என்கின்றன. விடுதியிலும் போஜனசாலையிலும் மாணவரைப் பிரித்து வைப்பதைக் குறிப்பிட்டே தடுக்கின்றன. இவ்விதிகள் ஏட்டில் உறங்குகின்றன என்று சொல்லி, 2019-ம் வருஷத்தில் இரண்டு தாய்மார்கள் சுப்ரீம் கோர்ட்டை அடைந்தார்கள். ஒருவர் 2016 ஜனவரியில் ஹைதராபாத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட ரோஹித் வேமுலாவின் தாயார். மற்றவர் 2019 மே மாதத்தில் பம்பாயில் அவ்வாறே இறந்த டாக்டர் பாயல் தட்வியின் தாயார். அவ்வழக்கு நடந்துவரும்போது வெளிவந்த புது விதிகள் 2026-ம் வருஷம் ஜனவரி 13-ந் தேதி பிரசுரமாயின. அதே மாதம் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அவற்றை நிறுத்தி வைத்து, 2012 விதிகளே அமுலில் இருக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. ஜாதிப் பாரபட்சத்துக்கு ஆளாகிறவர்கள் யார் என்று வரையறுத்த ஷரத்தின் மேல் பெரிய வாதம். ஷரத்துக்கு வியாக்கியானம் செய்வது வக்கீல்களுக்கு உகந்த தொழில். அத்தொழில் நமக்கும் தெரியும். ஆனால் கோர்ட் நிறுத்தி வைத்தது புது விதிகளையே. பழைய விதிகளை யார் நிறுத்தி வைத்தார்கள்?

ஸ்ரீபெரும்பூதூர், ஒரகடம் பிரதேசத்தில் இக்கேள்விக்குத் தனி அவசரம் உண்டு. மோட்டார் வண்டி, கைபேசி, கண்ணாடி முதலியவை செய்யும் ஆலைகள் அங்கே வரிசையாக எழும்பிவிட்டன. தென் ஜில்லாக்களின் கிராமத்துப் பெண்களும், ஒரிஸ்ஸா, பீஹார், ஜார்க்கண்ட் ராஜ்யங்களின் வாலிபர்களும் விடுதிகளில் நெருங்கி வசிக்கிறார்கள். அவர்கள்மேல் அதிகாரம் செலுத்த வருகிறவர்கள் அக்கம்பக்கத்துக் கலாசாலைகளில் பட்டம் பெற்றவர்கள். மாணவனாயிருக்கையில் பக்கத்து இலை யாருடையது என்று பார்க்கக் கற்றவன், மேற்பார்வையாளனானதும் ஒரியாத் தொழிலாளியைப் பெயர் சொல்லியா அழைப்பான்? 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில், சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் விவாகமான ஸ்திரீகளை வேலைக்குச் சேர்ப்பதில்லை என்று ராய்ட்டர் ஸ்தாபனம் விரிவாகச் செய்தி வெளியிட்டது. விவாகமானவர்களா என்று வாசலிலேயே கேட்டுத் திருப்பியனுப்பப்பட்டதாக இரு சகோதரிகள் கூறியிருந்தார்கள். கம்பெனி பாரபட்சக் குற்றச்சாட்டை மறுத்தது. மத்திய சர்க்கார், அப்பொழுது அமுலிலிருந்த 1976-ம் வருஷத்திய சம ஊதியச் சட்டத்தின் 5-வது பிரிவைச் சுட்டி, ராஜ்ய சர்க்காரிடம் விவரம் கேட்டது. விவாகமான ஆணைக் கேட்காத கேள்வியைப் பெண்ணைக் கேட்பது ஆண் பெண் வித்தியாசம் பாராட்டுவதல்லாமல் வேறென்ன? அயல்நாட்டு உத்தியோகத்திலிருந்த ஸ்ரீமதி முத்தம்மாவின் வழக்கில், சர்க்கார் உத்தியோகத்தைப் பொறுத்தவரையில், 1979-ம் வருஷத்திலேயே நீதிபதி கிருஷ்ணய்யர் இதைக் கண்டித்துவிட்டார். ஆள் எடுக்கும் குமாஸ்தாக்களுக்கும் ஏஜெண்டுகளுக்கும் அதைக் கலாசாலையில் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஆதலின், பயிற்சி முதலில் யாருக்கு என்பதை அதிகாரிகள் யோசிக்கவேண்டும். மாணவரை உட்கார வைக்குமுன் விடுதி வார்டனையும், சமையல் கான்டிராக்டரையும், அறை ஒதுக்கும் குமாஸ்தாவையும் உட்கார வைப்பது நல்லது. அறைகளைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்குவதற்கு எந்தப் பிரசங்கமும் தேவையில்லை. இதையெல்லாம் பேசப்பேசப் பிரிவினை வளரும், பேசாமலிருந்தால் தானே மறையும் என்பாருக்கு நாங்குநேரியே பதில். 2023-ம் வருஷம் ஆகஸ்டில் அங்கே ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த பிள்ளைகள்.

ஸ்ரீபெரும்பூதூரில் 1993-ம் வருஷத்தில் ராஜீவ் காந்தி பெயரால் ஏற்பட்டு, 2012-ம் வருஷத்துப் பார்லிமெண்டுச் சட்டத்தால் தேசீய முக்கியத்துவம் வாய்ந்ததாக்கப்பட்ட யுவஜன அபிவிருத்தி ஸ்தாபனம் இருக்கிறது. நாடெங்கும் வாலிபரிடையே வேலை செய்வோருக்குப் பயிற்சி அளிப்பது அதன் கடமைகளில் ஒன்று. அந்த ஸ்தாபனமும், அப்பிரதேசத்துக் கலாசாலைகளும் ஒரு காரியம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். எத்தனை கட்டிடம் எழும்பிற்று, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று அச்சிடும் வருஷாந்தர அறிக்கையில், பாரபட்சத்தைப் பற்றி எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை நாளில் தீர்ந்தன என்று இரண்டு வரி சேர்க்கட்டும். அச்சுக்கூலி அதிகமாகாது, அக்கணக்கும் நமக்குத் தெரியும். 'புகார் ஏதுமில்லை' என்று எழுதுகிறவர்கள், புகாரைப் பெறும் அதிகாரியின் பெயரை எந்தச் சுவரில் ஒட்டியிருந்தார்கள் என்பதையும் கூடவே எழுதட்டும்.