சைடு லாக் போட்டால் மட்டும் போதுமா? பைக்கை காக்கும் எலக்ட்ரானிக் கருவிகள்!

பஸ் நிலையம், அரசு ஆஸ்பத்திரி வாசல், டாஸ்மாக் கடை ஓரம்... நிறுத்தி விட்டு போன பைக்கை திரும்பி வந்து பார்த்தால் காணோம். வண்டி போனாலும் மாத தவணை போகாது. கொத்தனாருக்கும், காய்கறி வியாபாரிக்கும் அன்றைய பிழைப்பே போச்சு.

'சைடு லாக் போட்டேனே' என்று போலீஸ் நிலையத்தில் புலம்புபவர்கள் ஏராளம். ஹேண்டிலை பிடித்து வைத்திருப்பது சிறிய இரும்பு முளை தான். சாதாரண பைக்கில் சாவி போடும் இடமும் வெறும் சுவிட்சு. ஒயர்களை சேர்க்கும், பிரிக்கும், அவ்வளவே. சாவி போட்டது யார் என்று வண்டிக்கு தெரியாது.

சாவிக்குள் சிப்

இப்போதைய கார்களில் கதை வேறு. சாவியின் தலைப்பகுதியில் குட்டியாக ஒரு 'சிப்' இருக்கும். பேட்டரி கூட தேவையில்லை. சாவியை நுழைத்ததும் பூட்டை சுற்றியுள்ள காயில், ரேடியோ அலை மூலம் சிப்புக்கு உயிர் கொடுத்து ரகசிய எண்ணை கேட்கும். எண் ஒத்து வராவிட்டால் என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. ஒயரை சேர்த்து பார்த்தாலும் பலிக்காது. இதன் பெயர் 'இம்மொபிலைசர்'. இங்கிலாந்திலும், ஜெர்மனியிலும் 1998-ல் இருந்தே புது கார்களுக்கு இது கட்டாயம். இங்கே 2023-ல் ஹோண்டா ஆக்டிவாவின் 'ஸ்மார்ட்' சாவி மாடலிலும் வந்தது.

பழைய வண்டிக்கு?

கடைகளில் விற்கும் சைரனில் அதிர்வை உணரும் சென்சார் உண்டு. வண்டியை அசைத்தால் அலறும். பூனை ஏறினாலும், பக்கத்தில் லாரி போனாலும் அலறும் என்பது தான் தொல்லை. நாலு நாள் சும்மா கத்தினால், ஐந்தாம் நாள் திருடன் கை வைத்தாலும் தெருவில் ஒருத்தரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள்.

ஜி.பி.எஸ். கருவி சத்தமே போடாது. செயற்கைக்கோள் சிக்னலை வைத்து வண்டி நிற்கும் இடத்தை கணக்கிட்டு, உள்ளே இருக்கும் சிம்கார்டு மூலம் செல்போனுக்கு தகவல் அனுப்பும். ரீசார்ஜ் தீர்ந்தால் கருவியும் ஊமை. பலர் கோட்டை விடுவது இங்கே தான். சீட்டை திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டினாலும் வீண். கருவிக்குள் தனி பேட்டரி இருந்தால், ஒயரை பிடுங்கினாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்.

செல்போனில் இருந்தே என்ஜினை நிறுத்தும் வசதி கொண்ட கருவிகளும் உண்டு. ஓடும்போது நிறுத்தினால் பின்னால் வரும் அப்பாவி மோதி விழுவார். வண்டி நின்றது தெரிந்த பிறகே அமுக்க வேண்டும். இடம் தெரிந்து விட்டது என்று தனியாக கிளம்பி போவதும் ஆபத்து. 100 அல்லது 112-க்கு போன் செய்து போலீசாரிடம் இடத்தை சொல்லலாம்.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் எடுத்தவர்களுக்கு வண்டி திருடு போனால் ஒரு பைசா கிடைக்காது. முழு இன்சூரன்ஸ் எடுத்தவர்களிடமும் இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். ஒன்று வண்டி பெட்டிக்குள்ளேயே கிடந்தது என்றால் சிக்கல் தான்.