தொட்டிக்குள் ஓர் ஆறு – 9: புள்ளி மறைந்த பிறகு

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டு ராத்திரியில் குளிர் இறங்கினால், வண்ணமீன் வளர்க்கும் வீடுகளில் ஒரு கவலை வரும். நேற்று வரை கூட்டத்தோடு சுற்றிக்கொண்டிருந்த நியான் டெட்ரா, காலையில் துடுப்புகளை மடக்கிக்கொண்டு பில்டர் ஓரமாகத் தனியே நிற்கும். கிட்டே போய்ப் பார்த்தால் வாலிலும் முதுகிலும் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள்.

கடைக்கு ஓடி நீல மருந்தோ பச்சை மருந்தோ வாங்கி வந்து ஊற்றுவதற்கு முன், தீனி போடாமல் தொட்டிக்கு எதிரே கால் மணி நேரம் உட்காருங்கள். எல்லா மீன்களும் ஒருசேர மேலே வந்து வாயைப் பிளந்தால், பெரும்பாலும் கோளாறு தண்ணீரில்தான். ஒன்றிரண்டு மட்டும் ஒதுங்கினால், சரளையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டால், நோய் என்று யோசிக்கலாம். எதுவாக இருந்தாலும் அமோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்துவிட்டுத்தான் மருந்துப் புட்டியைத் திறக்க வேண்டும்.

புதுத் தொட்டியில் நல்ல பாக்டீரியா நிலைகொள்ளச் சில வாரங்கள் ஆகும் என்று சென்ற வாரம் பார்த்தோம். அதுவரை மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா தண்ணீரிலேயே தேங்கும். அது எவ்வளவு கொடியது என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவு தீர்மானிக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால், மொத்த அமோனியாவில் நஞ்சான வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் அது ஏறத்தாழ 5 சதவீதம். டெஸ்ட் கிட் காட்டும் நிறம் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். ஆனால் காரத்தன்மை கூடிய போர்வெல் தண்ணீர் ஊற்றிய வீட்டில் மீன் சாகும். நிறம் மாறியிருந்தால், குளோரின் நீக்கிய தண்ணீரை வைத்து மூன்றில் ஒரு பங்கை உடனே மாற்றுங்கள். பாதி நோய்கள் இதிலேயே அடங்கிவிடும் என்பது என் அனுபவம்.

தண்ணீர் சரியாக இருந்தும் புள்ளி இருக்கிறதா? விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். தனித்தனியாக எண்ணக்கூடிய, சற்றே மேடிட்ட புள்ளிகள் என்றால் வெள்ளைப்புள்ளி நோய். எண்ண முடியாத நுண்ணிய பொன்னிறத் தூசுப் படலம் என்றால் அது வெல்வெட். புள்ளியே இல்லாமல் வாயோரத்திலோ முதுகிலோ வெளிறிய திட்டு படர்ந்தால் காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோயாக இருக்கலாம். பலர் அதைப் பூஞ்சை என்று எண்ணி ஏமாறுகிறார்கள். இந்த இடத்தில் அவசரம் கூடாது. வெள்ளைப்புள்ளிக்கு வெப்பத்தை ஏற்றுவது வைத்தியம். காலம்னாரிஸுக்கோ வெப்பம் ஏற ஏற வேகம் கூடும்.

வெள்ளைப்புள்ளிக்குக் காரணம் இக்தியோஃப்தீரியஸ் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. பிரெஞ்சுக்காரரான ஃபூக்கே 1876-லேயே இதை விவரித்திருக்கிறார். நாம் பார்க்கும் புள்ளி, மீனின் தோலுக்கடியில் புதைந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. மேலே தோல் மூடியிருப்பதால் எந்தச் சொட்டு மருந்தும் அதை எட்டாது. தின்று பெருத்ததும் தானாக உதிர்ந்து, சரளையிலோ செடியிலோ ஒட்டி, உறை கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்காகப் பிரியும். உறை வெடித்து வெளியேறும் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும். அவை நீந்தித் திரியும் அந்தக் குறுகிய நேரம்தான் மருந்துக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

ஆகவே மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்ததும் ‘குணமாகிவிட்டது’ என்று மருந்தை நிறுத்துவதைப் போல ஆபத்து வேறில்லை. புள்ளி மறைந்தது என்றால் ஒட்டுண்ணி சரளைக்கு இறங்கிவிட்டது என்று பொருள். அடுத்த அலை முன்னதைவிடப் பெரிதாக வரும். செவுளில் ஏறிக்கொண்டால் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாமலே மீன் மூச்சுத் திணறிச் சாகும். நோயுற்ற மீனை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுவதும் போதாது. தொட்டி முழுவதற்கும் வைத்தியம் வேண்டும்.

முதலில் அளவைக் கணக்கிடுங்கள். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி 54 லிட்டர். சரளையும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் நிற்கும். மருந்தையும் உப்பையும் அந்த 45-க்குத்தான் அளக்க வேண்டும். ஹீட்டரை மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றாமல் மெதுவாக 30 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். கல் உப்பு லிட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் வரை, தனியே கரைத்து, ஒரு நாள் முழுக்கச் சிறிது சிறிதாக ஊற்றலாம். கப்பியும் மோலியும் உப்பை நன்றாகத் தாங்கும். டெட்ராவுக்கும் கோரிடோராஸுக்கும் ஒரு கிராமோடு நிறுத்துவேன். மாலகைட் கிரீன் சேர்ந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தால் பில்டரிலிருந்து கார்பனை எடுத்துவிடுங்கள், கையுறை போடுங்கள். உண்ணும் மீனுக்கு அது கூடாது என்று பல நாடுகள் தடுத்திருப்பதை மறக்க வேண்டாம். தினமும் சைஃபன் குழாயால் சரளையை உறிஞ்சினால் உறைகளும் கழிவோடு வெளியேறும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் இத்தனையும் தொடர வேண்டும்.

டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூவும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒட்டுண்ணியை அது ஒன்றும் செய்யாது. பாக்டீரியா நோயிலும்கூட, கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மீனுக்குப் போய்ச் சேருவது சொற்பமே.

இருபது ரூபாய் மீனுக்கு இவ்வளவு மெனக்கெடல் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. நாம்தான் அதைக் கண்ணாடிக்குள் அடைத்தோம். ஆற்றில் என்றால் கெட்ட தண்ணீரை விட்டு நீந்திப் போயிருக்கும்.

மருந்தில்லாத நோயும் உண்டு. நியானின் சிவப்பும் நீலமும் திட்டுத்திட்டாக வெளிறி, முதுகு வளைந்தால், அது தசைக்குள் புகுந்த வேறோர் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அந்த மீனை உடனே பிரித்துவிடுங்கள். செத்ததை மற்ற மீன்கள் கொத்தினால் அவற்றுக்கும் பரவும்.

சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போனாலும் தெருமுனைக் கடைக்குப் போனாலும், வாங்கிய மீனை நேரே தொட்டியில் விடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பாஞ்ச் பில்டர் போதும்; மூன்று வாரம் அதில் இருக்கட்டும். மீனே இல்லாத வேறொரு டப்பில் செடிகளும் அதேபோல் காத்திருக்க வேண்டும், உறைகள் இலையிலும் ஒட்டி வரும். அந்த டப்புக்கென்று தனி வலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வெயிலில் மொடமொடவென்று காயப் போடுங்கள். ஈரம் வற்றினால் வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி பிழைக்காது.

(தொடரும்)