குழந்தைக்குப் பேதியா? தண்ணீரை நிறுத்தாதீர்கள்!

குழந்தைக்குப் பேதி. தாகத்தால் அழுகிறது. "தண்ணீர் கொடுக்காதே, இன்னும் போகும்" என்கிறார் பாட்டி.

கொடுக்கலாமா, கூடாதா?

கொடுக்கத்தான் வேண்டும்! பாட்டியின் பாசம் பெரிதுதான். ஆனால், இதில் மட்டும் அவர் சொல்லைக் கேட்கக்கூடாது.

பேதியில் உயிருக்கு ஆபத்து எதனால்? உடம்பில் உள்ள நீரும் உப்பும் வற்றிப்போவதால்தான்.

1971-ம் ஆண்டு. வங்காளதேச விடுதலைப் போர். லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு ஓடி வந்தார்கள். பங்காவுன் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துவிட்டது!

டாக்டர் திலீப் மகாலனாபிஸ் கலங்கவில்லை. குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளவாகத் தண்ணீரில் கலந்து, குடிக்கக் கொடுத்தார். அதுவரை நோயாளிகளில் 100-க்கு 30 பேர் வரை இறந்தார்கள். பிறகு அது 4-க்கும் கீழே குறைந்தது!

குளுக்கோஸ் ருசிக்காக அல்ல. குடலில் உப்பைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்வது அதுதான். பின்னாலேயே தண்ணீரும் போகும்.

அந்த வழியில் வந்ததுதான் இன்றைய ஓ.ஆர்.எஸ். பொடி. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில், பொட்டலத்தில் போட்டுள்ள அளவுப்படி கலக்குங்கள். கண்ணளவு வேண்டாம், உப்பு கூடினால் ஆபத்து. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். டாக்டர் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும்.

கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குழந்தை குடிக்க முடியாமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். குழந்தையால் குடிக்க முடிந்தால், வழியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள்.