குதிரை வாகனத்துக்குக் கீழே ஓடும் கால்கள்

உழைக்கும் உடல் – 11

மார்கழியில், திருவரங்கத்து இராப்பத்தின் எட்டாம் திருநாள் வேடுபரி. நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் மணல்வெளிக்கு எழுந்தருள, கூட்டம் இரு பக்கமும் ஒதுங்கி வழிவிடும். சட்டென்று வாகனம் முன்னே பாயும், பின்வாங்கும், வளைந்து திரும்பி மறுபடி பாயும். வையாளி என்று பெயர். எல்லோர் கண்ணும் பெருமாள் மேலேயே இருக்கும். இந்த வாரம் சற்றுக் கீழே, அந்தப் பாரத்தைத் தோளில் வாங்கி ஓடும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் கால்களைப் பார்ப்போம். சற்று முன்புவரை அசைந்து அசைந்து நடந்துவந்த கால்கள் அவை. நடை ஓட்டமான நொடியிலேயே தசைக்குத் தேவைப்படும் ஆற்றல் பல மடங்கு ஏறிவிடுகிறது. மூச்சும் இதயமும் அந்த வேகத்துக்கு வந்துசேர ஒன்றிரண்டு நிமிடமாவது ஆகும். அதுவரை கால்கள் எதை எரித்து ஓடுகின்றன?

தசை சுருங்குவதற்கு நேரடியாகச் செலவாவது ஏடிபி என்ற மூலக்கூறு ஒன்றுதான். நாம் தின்னும் சோறும் எண்ணெயும் கடைசியில் அதைத் தயாரிக்கத்தான் போகின்றன. ஆனால் தசைக்குள் அதன் கையிருப்பு மிகக் குறைவு. முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மூன்று வினாடிக்குத்தான் வரும். தீரத்தீர அதை உடனே புதுப்பித்துத் தருவது பக்கத்திலேயே இருக்கும் கிரியாட்டின் பாஸ்பேட். அதற்கு ஆக்சிஜன் வேண்டாம். அதன் பலம் சுமார் பத்து வினாடி. இதற்குள் மூன்றாவது எரிபொருளும் வேலையைத் தொடங்கியிருக்கும். அது தசை தனக்குள் சேர்த்துவைத்திருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன். இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் வியக்கவைப்பது ஒன்று உண்டு. எந்தக் கால்சியம் தசையைச் சுருங்கச் செய்கிறதோ, அதே கால்சியம்தான் கிளைக்கோஜனை உடைக்கும் நொதியையும் தட்டி எழுப்புகிறது. வேலைக்கான உத்தரவும் எரிபொருளுக்கான உத்தரவும் ஒன்றாகவே வருகின்றன.

இந்த மூன்றும் ஒன்று தீர்ந்தபின் ஒன்றாக வருவதாகப் பலர் எண்ணுகிறார்கள். பாடப்புத்தகப் படங்களும் அப்படித்தான் காட்டுகின்றன. உண்மையில் எல்லாம் முதல் நொடியிலிருந்தே எரிகின்றன. மாறுவது அவற்றின் விகிதம். இதற்கு 400 மீட்டர் ஓட்டத்தைவிட நல்ல சான்று இல்லை. லால்குடி பக்கத்திலிருந்து வந்த ஆரோக்கிய ராஜீவ் 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 46 வினாடிக்குள் அந்த வட்டத்தை முடித்து வெண்கலம் வென்றார். திருச்சி ரயில் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்த ராஜேஷ் ரமேஷ், 2023இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் இந்தியத் தொடரோட்ட அணியின் கடைசிச் சுற்றை ஓடினார். 2 நிமிடம் 59.05 வினாடி, அன்றைக்கு அது ஆசியச் சாதனை. அவர்கள் ஓடும் அந்த முக்கால் நிமிடத்திலும் ஏறக்குறைய 40 சதவீத ஆற்றல் ஆக்சிஜன் வழியாக வருகிறது. மீதியில் பெரும்பகுதி கிளைக்கோஜனை அவசரமாக உடைப்பதிலிருந்து கிடைப்பது. அதன் விலைதான் கடைசி நூறு மீட்டரில் எல்லா ஓட்டக்காரர் முகத்திலும் தெரியும் வேதனை. தசையில் அமிலத்தன்மை ஏறுகிறது, பாஸ்பேட் குவிகிறது. பழியை அப்போது உருவாகும் லாக்டேட் மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. அது கழிவுப்பொருளே அல்ல. இதயம் அதை எரித்துக்கொள்கிறது. கல்லீரல் அதை மறுபடி சர்க்கரையாக்கி அனுப்புகிறது. இந்தச் சுழற்சிக்குக் கோரி தம்பதியின் பெயரே நிலைத்துவிட்டது. கிளைக்கோஜன் ஆய்வுக்காக 1947இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி கொழுப்பு. ஒல்லியானவர் உடலிலும் பல கிலோ இருக்கும். கிராமுக்கு 9 கலோரி. சர்க்கரையோ கிராமுக்கு 4 கலோரிதான். தசைகளில் 300 முதல் 500 கிராம், கல்லீரலில் 100 கிராம், ரத்தத்தில் வெறும் 5 கிராம். இவ்வளவு கொழுப்பை வைத்துக்கொண்டு உடல் ஏன் சர்க்கரையைத் தேடுகிறது? கொழுப்பு குதிரில் கிடக்கும் நெல். கிளைக்கோஜன் பானையில் இருக்கும் அரிசி. கொழுப்புத் திசுவிலிருந்து பிரிந்து, ரத்தத்தில் பயணித்து, தசை செல்லுக்குள் நுழைந்து, அங்கிருந்து கார்னிட்டைன் துணையோடு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போனபிறகுதான் கொழுப்பு எரியும். ஆக்சிஜனும் கூடுதலாகக் கேட்கும். அதனால் அது தரும் ஆற்றல் ஏராளம், தரும் வேகம் குறைவு.

மலைக்கோட்டையில் ஏறிப் பாருங்கள். தெப்பக்குளத் தெருவில் பேசிக்கொண்டே நடக்கும்போது கொழுப்பின் பங்கு கணிசமாக இருக்கும். தாயுமானவர் சன்னிதியை நெருங்கும்போது வாக்கியம் பாதியில் நின்று மூச்சு வாங்கினால், எரிபொருள் சர்க்கரைப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்தச் சாய்வை ஜார்ஜ் புரூக்ஸும் ஜாக் மெர்சியரும் 1994இல் ஒரு கோட்பாடாகவே வகுத்தார்கள். அது எந்த வேகத்தில் நேரும் என்பது பழக்கத்தைப் பொறுத்தது. தினமும் உழைக்கும் காலில் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது, அதனால் அதிக வேகத்திலும் கொழுப்பை எரிக்க முடிகிறது. உச்சிப்பிள்ளையார் இருப்பது 83 மீட்டர் உயரத்தில். 60 கிலோ உடலை அவ்வளவு தூரம் தூக்க ஏறத்தாழ 50 கலோரி செலவாகும். கொழுப்பை மட்டுமே எரித்ததாக வைத்துக்கொண்டாலும் 6 கிராம்கூட வராது. கொழுப்பு கரையும் வேகம் எது என்று உடற்பயிற்சிக் கருவியின் திரையைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். எடையைத் தீர்மானிப்பது நாள் முழுக்கச் சாப்பிட்டதும் செலவழித்ததும்தான்.

தசையின் சேமிப்பு அந்தத் தசைக்கே சொந்தம் என்பதையும் சொல்லவேண்டும். 1966இல் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரண்டு சுவீடன் மருத்துவர்கள் தங்கள் உடலிலேயே சோதித்தார்கள். ஒற்றைக் காலால் மட்டும் மிதித்துக் களைத்தார்கள், பிறகு மாவுச்சத்து நிறையச் சாப்பிட்டார்கள். உழைத்த காலில் கிளைக்கோஜன் மற்றதைப் போல இரண்டு மடங்கு சேர்ந்தது. ஒரு கால் இன்னொரு காலுக்குக் கடன் கொடுப்பதில்லை. ரத்தத்துக்குச் சர்க்கரை தந்து மூளையைக் காப்பாற்றுவது கல்லீரல்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், சமயபுரம் பாதயாத்திரை. பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கும் தலம் அது. அந்த நாள்களில் அவளுக்கு நைவேத்தியம் துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர். பக்தர்களிலும் பலர் வெறும் வயிற்றோடு நடக்கிறார்கள். திருச்சியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். 60 கிலோ எடை உள்ளவருக்கு 700 கலோரி என்று வைத்துக்கொள்வோம். பாதி கொழுப்பிலிருந்து வந்தால் 40 கிராம் கொழுப்பு. மீதிக்கு 90 கிராம் சர்க்கரை. ஆரோக்கியமானவருக்கு இது தாங்கக்கூடியதே. இரவுப் பட்டினியில் கல்லீரலின் இருப்பு பாதிக்குமேல் குறைந்திருந்தாலும், தசையின் கிளைக்கோஜனும் கொழுப்பும் கைகொடுக்கும். தண்ணீர்ப் பந்தலில் கிடைக்கும் பானகத்தின் அருமை அறிவியலுக்கும் தெரியும். 1924 பாஸ்டன் மாரத்தான் முடிவில் சில ஓட்டக்காரர்களின் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்ததை அங்குள்ள மருத்துவர்கள் கண்டார்கள். அடுத்த ஆண்டு ஓட்டத்தின் நடுவே மிட்டாய் தின்னக் கொடுத்தார்கள். அந்தத் தளர்ச்சி வரவில்லை.

எனக்குக் கவலை சர்க்கரை நோயாளிகளைப் பற்றித்தான். உழைக்கும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நல்ல உடலில் அப்போது இன்சுலின் தானாகக் குறையும், கல்லீரல் சர்க்கரையைத் திறந்துவிடும். ஊசியில் போட்ட இன்சுலின் குறையாது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் சுரப்பை விடாமல் தூண்டிக்கொண்டே இருக்கும். கல்லீரலின் கை கட்டப்பட்டுவிடுகிறது. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் என்று அறிகுறிகள் வரும். பங்குனி வெயிலில் நடப்பவர் அதை வெயிலின் களைப்பு என்றே எடுத்துக்கொள்வார். இந்த மருந்துகளை எடுப்பவர்கள் விரத நாளின் அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அறிகுறி தெரிந்தால் உடனே நின்று மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ ஒரு தம்ளர் பானகமோ எடுத்துக்கொள்ள வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. கோயிலிலிருந்து வீடு திரும்பிய இரவையும் கவனிக்க வேண்டும். காலியான கிளைக்கோஜனை நிரப்பிக்கொள்ளத் தசைகள் பல மணி நேரம் ரத்தச் சர்க்கரையை எடுத்துக்கொண்டே இருக்கும். சர்க்கரை தூக்கத்திலும் இறங்கலாம் என்பதால், அன்று இரவு சாப்பாட்டைத் தவிர்க்காமல், படுக்குமுன் ஒருமுறை அளவு பார்த்துவிட வேண்டும்.