"எப்படியோ சமாளிச்சாச்சு" – இது மட்டும் போதுமா?



"இந்தக் கஷ்டத்துல எப்படிம்மா சமாளிச்சீங்க?" என்று குழுக் கூட்டங்களில் நாங்கள் கேட்டால், "என்னமோ ஓட்டிட்டோம்" என்றுதான் பதில் வரும். முன்னேற்பாடு எதுவும் இல்லாமல், கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிக் கரையேறுவது நம் பெண்களுக்குக் கைவந்த கலை. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு.

நம் எண்ணூரையே எடுத்துக்கொள்வோம். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி, கடலில் எண்ணெய் கொட்டியது. இப்படி நடந்தால் என்ன செய்வது என்று 1996-லேயே தேசிய அளவில் திட்டம் எழுதி வைத்திருந்தார்கள். இருந்தும் எர்ணாவூர் கரையில் வாளியால்தான் எண்ணெயை அள்ள வேண்டியிருந்தது. கரை ஒருவழியாகச் சுத்தமானது. ஆனால் மீன் வாங்க ஜனங்கள் பயந்தார்கள். கூடையில் மீன் விற்கும் பெண்களின் பிழைப்பு அடிபட்டது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோதும் மறுபடி வாளியும் டிரம்மும்தான்.

நம் குழுவும் இப்படி ஓடுகிறதா என்று யோசிப்போம். "கணக்கெல்லாம் ஊக்குநர் அக்காவுக்கு மனப்பாடம்" என்று சும்மா இருந்துவிடுகிறோம். அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால்? மழையில் நோட்டு நனைந்தால்? யார் எவ்வளவு கட்டினார்கள் என்று சண்டை வரும். தீர்மானப் புத்தகமும் கணக்கும் சரியில்லை என்றால் வங்கியில் கடன் கிடைப்பது கஷ்டம். அப்புறம் அவசரத்துக்குத் தண்டல்காரரிடம்தான் போய் நிற்கணும்.

என்ன செய்யலாம்?

1. கூட்டம் முடிவதற்குள் வரவு செலவை எழுதி, எல்லோர் காதிலும் விழும்படி படித்துக் காட்டணும். கணக்கு எழுத இன்னும் இரண்டு பேர் பழகணும்.

2. பாஸ்புக், ரேஷன் கார்டு, ஆதார் நகல், குழு நோட்டுகளை பிளாஸ்டிக் பையில் கட்டி உயரமான இடத்தில் வைக்கணும்.

3. அக்டோபர் மழைக்கு முன்பே அவசரக் கடனுக்கென்று சேமிப்பில் ஒரு தொகை ஒதுக்கணும். யாருக்கு எவ்வளவு, எத்தனை தவணை என்று அப்போதே தீர்மானம் போட்டுவிட்டால், கஷ்ட நேரத்தில் பேச்சு வராது.

இவ்வளவு சமாளிக்கத் தெரிந்த நமக்கு இந்த ஏற்பாடு ஒன்றும் பெரிய வேலை இல்லை. வருகிற கூட்டத்திலேயே மூன்றில் ஒன்றையாவது தொடங்குங்கள்.